பூட்டைப் பிடித்துக்கொண்டு தூங்கலாமா?

“பூட்டு கையில் இருக்கும்போது தூங்காதே.”

காவலாளிக்குச் சொல்லும் புத்திமதிபோல் இருக்கிறது. லினக்ஸ் கெர்னலுக்குள் நிரல் எழுத வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் விதிகளில் இதுவும் ஒன்று. உங்கள் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு திறன்பேசி ஒவ்வொரு விநாடியும் ஆயிரக்கணக்கான முறை இந்த விதிக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. எங்கோ ஓரிடத்தில் ஒரு முறை மீறினாலும் போதும், கருவி பேச்சுமூச்சில்லாமல் உறைந்துவிடலாம். ‘உறைந்துவிடும்’ என்று நான் எழுதவில்லை, கவனித்தீர்களா? ‘உறைந்துவிடலாம்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்த ‘லாம்’ பற்றியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளியில் நிரலாக்கம் கற்கும்போது ‘ஓடியது, ஆகவே சரி’ என்ற பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. ஆசிரியர் முன்னிலையில் ஒரு முறை ஓட்டிக் காட்டிவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. பூட்டும் தூக்கமும் பற்றிய கெர்னல் விதிகள் இந்தப் பழக்கத்துக்கு நல்ல மருந்து. கெர்னல் நிரலாளர் ஆகும் எண்ணம் உங்களுக்குத் துளியும் இல்லாவிட்டாலும், இவற்றை உயர்நிலைப் பள்ளியிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன்.

கதவும் கைப்பிடியும்

கெர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. உங்கள் செயலிகள் எதுவும் வன்பொருளை நேரடியாகத் தொட முடியாது. நினைவகம், திரை, வைஃபை எது வேண்டுமானாலும் கெர்னலிடம் கேட்டுத்தான் பெற வேண்டும். பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல்தான் இன்று ஆண்ட்ராய்டின் அடியில் இருக்கிறது.

இப்போதைய திறன்பேசியில் எட்டு கோர்கள் இருப்பது சாதாரணம். எட்டும் ஒரே நேரத்தில் கெர்னல் நிரலை ஓட்டக்கூடும். வந்து சேர்ந்த தரவுப் பொட்டலங்களை எண்ணும் ஓர் எண்ணி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 41 இருக்கிறது. இரண்டு கோர்கள் ஒரே சமயத்தில் அதைப் படிக்கின்றன. இரண்டும் ஒன்றைக் கூட்டி 42 என்று எழுதிவைக்கின்றன. வந்தது இரண்டு பொட்டலம், கணக்கில் ஏறியது ஒன்று. எண்ணிக்குப் பதிலாக அது பொட்டலங்களின் வரிசையாக இருந்தால் வரிசையே அறுந்துபோகும். இதைத் தடுக்கத்தான் பூட்டு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம்.

பூட்டியிருந்தால் வெளியில் இருப்பவர் என்ன செய்வது? கெர்னலில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒற்றைக் கழிவறை வாசலில் நின்றுகொண்டு கைப்பிடியைத் திருகித் திருகிப் பார்ப்பது. இதற்கு ஸ்பின்லாக் என்று பெயர். தமிழில் சுழல்பூட்டு எனலாம். காத்திருக்கும் கோர் வேறு எந்த வேலையும் செய்யாது, சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். மற்றொன்று, பலதுறை மருந்தகத்தில் எண் வாங்கிக்கொண்டு உட்கார்வதுபோல. உங்கள் எண் திரையில் வரும்வரை கண்ணயரலாம். அதுவரை அந்தக் கோரை வேறொருவர் பயன்படுத்திக்கொள்வார். இது மியூட்டெக்ஸ். கெர்னல் மொழியில் ‘தூங்குவது’ என்றால் இதுதான்: கோரை விட்டுக்கொடுத்துவிட்டு, யாராவது எழுப்பும்வரை ஒதுங்கி நிற்பது.

மியூட்டெக்ஸ்தானே நாகரிகமான வழி, சுழல்பூட்டு எதற்கு என்று கேட்பீர்கள். தூங்கவைப்பதும் எழுப்புவதும் இலவசமல்ல. உள்ளே இருப்பவர் ஒரு மைக்ரோவிநாடிக்குள் வெளியே வந்துவிடுவார் என்றால், எண் வாங்கி உட்கார்ந்து எழுந்து வரும் நேரத்தைவிட வாசலில் நிற்பதே சிக்கனம். ஆக, சுழல்பூட்டு முழுவதும் ஒரு வாக்குறுதியின்மேல் நிற்கிறது: உள்ளே போனவர் உடனே வந்துவிடுவார்.

உள்ளே போனவர் தூங்கிவிட்டால்? வெளியே ஒவ்வொரு கோராக வந்து கைப்பிடியைத் திருகத் தொடங்கும். தூங்கியவர் விழித்தெழ வேண்டுமானால் அவருக்கு ஓடுவதற்கு ஒரு கோர் வேண்டும். எல்லாக் கோர்களும் அவர் பூட்டிய கதவின் வாசலில் நிற்கின்றன. அவர் எழுந்தால்தான் அவை நகரும், அவை நகர்ந்தால்தான் அவர் எழ முடியும். ஏதாவது ஒரு கோர் வேறு வேலையில் இருந்தால் அதில் ஏறி அவர் தப்பித்துவிடலாம், எதுவும் நடக்காததுபோல் கணினி தொடரலாம். எல்லாம் அந்த நொடியின் அதிர்ஷ்டம்.

லினக்ஸிலேயே இந்த விதிக்கு ஒரு விலக்கு நெடுங்காலம் இருந்தது. 1996ல் வெளிவந்த 2.0 பதிப்புதான் பல சிபியுக்களை முதலில் முறையாக ஆதரித்தது. அப்போது கெர்னல் முழுவதற்கும் ஒரே ஒரு பெரிய பூட்டு. அதைப் பிடித்திருப்பவர் தூங்கப்போனால் கெர்னல் தானாகவே பூட்டை விடுவித்து, விழித்ததும் திரும்பப் பிடித்துக் கொடுக்கும். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘பூட்டு என்னிடம்தான் இருக்கிறது, யாரும் எதையும் மாற்றியிருக்க முடியாது’ என்று நம்பி எழுதிய நிரலுக்கு, தான் தூங்கிய இடைவெளியில் இன்னொருவர் உள்ளே வந்துபோனது தெரியாது. அந்தப் பெரிய பூட்டைத் துண்டு துண்டாகக் கழற்றி முழுவதுமாக நீக்க 2011 வரை ஆனது. விதியைத் தளர்த்தினால் கிடைக்கும் சௌகரியத்துக்கு எவ்வளவு காலம் வட்டி கட்ட வேண்டியிருக்கிறது பாருங்கள்.

யாருடைய நேரம்?

பூட்டு விதிகள் கெர்னல் முழுவதற்கும் பொதுதான். வலையமைப்புப் பகுதியில்தான் அவை அதிகம் கடிக்கும். காரணம், பொட்டலங்கள் உங்கள் அனுமதி கேட்டு வருவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகமுள்ள ஈதர்நெட் கம்பியில், 1500 பைட் தரவு கொண்ட ஒரு முழுப் பொட்டலம் தலைப்புகளையும் இடைவெளியையும் சேர்த்து 1538 பைட் இடம் பிடிக்கும். அதாவது 12,304 பிட். 1,000,000,000ஐ இதனால் வகுத்தால் விநாடிக்குச் சுமார் 81,000 பொட்டலங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 12 மைக்ரோவிநாடிதான். யாராவது 10 மில்லிவிநாடி தூங்கிவிட்டால் அதற்குள் 800க்கும் மேற்பட்ட பொட்டலங்கள் வந்து குவிந்துவிடும். வலையமைப்பு அட்டையின் வரவேற்பு வரிசையில் 256 அல்லது 512 இடங்கள்தான் இருந்தால், மிஞ்சியவை தரையில்.

வேகத்தைவிட முக்கியமான விஷயம் இன்னொன்று. பொட்டலம் வந்ததும் அட்டை சிபியுவின் தோளைத் தட்டுகிறது. இதைக் குறுக்கீடு என்பார்கள். அந்தக் கணத்தில் அந்தக் கோரில் எது ஓடிக்கொண்டிருந்தாலும் அப்படியே நிறுத்தப்படும். உங்கள் பாட்டுச் செயலியாக இருக்கலாம், புகைப்படத்தைத் திருத்தும் செயலியாக இருக்கலாம். கெர்னலின் வலையமைப்பு நிரல் அதன் இடத்தில் ஏறி ஓடுகிறது. முதலில் ஓடும் பகுதி மிகச் சிறியது: அட்டையிடம் ‘சரி, கேட்டுவிட்டது, இனித் தட்டாதே’ என்று சொல்லிவிட்டு, மிச்ச வேலையை ‘சாஃப்ட்ஐஆர்க்யூ’ என்னும் அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடும். அந்தக் கட்டத்தில் ஓர் அட்டையிலிருந்து ஒரு சுற்றுக்கு வழக்கமாக 64 பொட்டலங்கள்வரை அள்ளி எடுக்கப்படும். எல்லா அட்டைகளும் சேர்த்து 300 பொட்டலம் அல்லது சில மில்லிவிநாடி ஆனதும், ‘போதும், மற்றவர்களுக்கும் வழி விடு’ என்று நிறுத்தப்படும்.

இப்போது சொல்லுங்கள், இந்த நிரல் யாருடைய நேரத்தில் ஓடுகிறது? தன் நேரத்தில் இல்லை. பாட்டுச் செயலியின் நேரத்தைப் பறித்துக்கொண்டு ஓடுகிறது. அது தூங்கினால் கெர்னல் யாரைப் படுக்கவைக்கும்? கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதாகப் பதிவாகியிருக்கும் பாட்டுச் செயலியை. ஒன்றும் அறியாத அது, யாரோ ஒருவருடைய பாதி முடிந்த வேலையைத் தலையில் சுமந்துகொண்டு தூங்கப்போகும். எனவே இந்தக் கட்டத்தில் தூக்கம் அறவே கூடாது. பூட்டு கையில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

இதிலிருந்து இன்னொரு சிக்கல் பிறக்கிறது; எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. சாதாரண நிரல் ஒன்று சுழல்பூட்டைப் பிடித்து உள்ளே இருக்கிறது. அதே கோரில் பொட்டலம் வந்து, சாஃப்ட்ஐஆர்க்யூ மேலே ஏறி, அதே பூட்டைக் கேட்கிறது. பூட்டியவர் அடியில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறார். மேலே இருப்பவர் முடிக்கும்வரை அவர் அசைய முடியாது. அவர் அசையாமல் மேலே இருப்பவருக்குப் பூட்டு கிடைக்காது. இந்த முறை அதிர்ஷ்டத்துக்கும் இடமில்லை. எட்டு கோர் இருந்தாலும் அந்தக் கோர் அத்தோடு முடிந்தது. தீர்வு என்ன? இரு தரப்பும் பகிரும் பூட்டைப் பிடிக்கும்போதே, ‘நான் வெளியே வரும்வரை இந்தக் கோரில் சாஃப்ட்ஐஆர்க்யூ ஏறக்கூடாது’ என்று தடுத்துவைக்க வேண்டும். அதற்கென்றே தனிப் பூட்டுக் கட்டளை இருக்கிறது. சாதாரணக் கட்டளைக்கும் அதற்கும் எழுத்தில் வித்தியாசம் இரண்டே எழுத்து. மறந்துவிட்டால் நிரல் மாதக்கணக்கில் நன்றாகவே ஓடும், பூட்டு பிடித்திருக்கும் அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் பொட்டலம் வந்து விழும் நாள்வரை.

ஒளிந்திருக்கும் தூக்கம்

சரி, தூங்கக்கூடாது என்றால் தூங்காமல் இருக்க வேண்டியதுதானே, இதில் என்ன கஷ்டம்? கஷ்டம் என்னவென்றால், தூக்கம் ‘தூக்கம்’ என்ற பெயரோடு வருவதில்லை.

நினைவகம் கேட்பதை எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் பொட்டலத்துக்கு இடம் வேண்டும், கெர்னலிடம் கேட்கிறீர்கள். காலி இடம் இருந்தால் உடனே கிடைக்கும். இல்லாவிட்டால், பயன்படாத பக்கங்களை வட்டில் எழுதி இடம் ஒதுக்கித் தருவார்கள், அதுவரை தூங்க வேண்டியதுதான். ஆகவே சாதாரணமாகக் கேட்பது ஒரு வகை, ‘அவசரம், என்னைத் தூங்கவைக்காதே, இல்லையென்றால் இல்லையென்று உடனே சொல்’ என்று கேட்பது வேறு வகை. பொட்டலம் வாங்கும் நிரல் இரண்டாவது வகையில்தான் கேட்க வேண்டும். இல்லை என்ற பதில் வந்தால் பொட்டலத்தைக் கைவிட்டுவிடலாம். டிசிபி நெறிமுறையில் அனுப்பியவர் மறுபடியும் அனுப்புவார். வலையமைப்பு உலகில் தூங்குவதைவிட நழுவவிடுவது மேல்.

ஒருவர் தவறிப்போய் முதல் வகையில் கேட்டு எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மடிக்கணினியில் 16 கிகாபைட் நினைவகம், பாதி காலி. நிரல் ஒருபோதும் தூங்காது. நூறு முறை சோதித்தாலும் தேர்ச்சி. நினைவகம் குறைந்த ஒரு சிறிய வைஃபை பெட்டியில், இரவு எட்டு மணிக்கு வீடே காணொளி பார்க்கும் நேரத்தில்தான் அது முதல் முறையாகத் தூங்கும்.

இன்னொரு மறைவிடம் ராஸ்பெரி பை. பள்ளி மன்றங்களில் பலர் தொட்டிருப்பீர்கள். ஒரு செயலி, வீட்டில் உள்ள அச்சுப்பொறியைத் தேட ஒரு பலமுனை ஒலிபரப்புக் குழுவில் சேர்கிறது. உடனே கெர்னல், ‘இந்த முகவரிக்கு வரும் பொட்டலங்களையும் இனி ஏற்றுக்கொள்’ என்று வலையமைப்பு டிரைவரிடம் சொல்கிறது. சொல்லும்போது கெர்னலின் கையில் ஒரு சுழல்பூட்டு இருக்கும். தாய்ப்பலகையோடு நேரடியாக இணைந்த அட்டை என்றால் கவலையில்லை. ஒரு பதிவகத்தில் எண்ணை எழுதினால் வேலை முடிந்தது. ஆனால் 2019ல் வந்த நான்காம் மாடலுக்கு முந்திய ராஸ்பெரி பை பலகைகளில் ஈதர்நெட் வசதி யுஎஸ்பி வழியாகத்தான் இணைந்திருந்தது. யுஎஸ்பியில் ஒன்றை எழுத வேண்டுமானால் செய்தி அனுப்பி, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பது என்றால் தூக்கம். எனவே அந்த டிரைவர் செய்தியை அனுப்பிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் திரும்பிவிடுகிறது. வேறு சில யுஎஸ்பி டிரைவர்கள் வேலையைக் குறித்துவைத்துக்கொண்டு, தூங்கலாம் என்ற நிலை வந்தபின் செய்கின்றன.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் செயற்கூறின் வரிகளை மட்டும் படித்தால் பிழை எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. ‘யுஎஸ்பிக்கு எழுது, பதிலை வாங்கு’ என்பதில் என்ன தவறு? தவறு வரிகளில் இல்லை. யார், எந்த நிலையில், எந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு அழைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. இப்போது பலர் ஏஐ உரையாடு செயலிகளிடம் கேட்டு நிரல் வாங்குகிறார்கள். ‘இதைச் செய்ய ஒரு செயற்கூறு எழுதித் தா’ என்று மட்டும் கேட்டால், அழைப்பவரின் கையில் என்ன பூட்டு என்பது அதற்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமானால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காட்டிக்கொடுக்கும் கருவிகள்

கெர்னல் எழுதுகிறவர்கள் உலகின் தேர்ந்த நிரலாளர்களில் சிலர். அவர்களே கவனத்தை மட்டும் நம்பவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய பாடம். தூங்க வாய்ப்புள்ள செயற்கூறுகளின் தொடக்கத்தில் ஒரு சிறு சோதனை வரியை வைத்திருக்கிறார்கள். ‘நான் தூங்கலாம், இப்போது தூங்கக்கூடிய நிலையில்தானே இருக்கிறோம்?’ என்று அது கேட்கும். இல்லையென்றால் பதிவேட்டில் கூச்சல் போடும். அழகு எங்கே இருக்கிறது என்றால், இந்த முறை உண்மையில் தூங்கப்போகிறதா என்று அது பார்ப்பதில்லை. நினைவகம் பாதி காலியாக இருந்தாலும், தூக்கமே வராமல் வேலை முடிந்துவிடும் என்றாலும் கூச்சல் நிச்சயம். வைஃபை பெட்டியில் ஒரு வருடம் கழித்து வெடித்திருக்க வேண்டிய பிழை, எழுதியவர் மடிக்கணினியிலேயே முதல் முறை ஓட்டும்போது பிடிபட்டுவிடும். சோதனைக்கென்று தயாரிக்கும் கெர்னலில்தான் இதை இயக்கிவைப்பார்கள்.

பூட்டுகளின் வரிசைக்கும் இப்படி ஒரு கண்காணிப்பாளர் உண்டு. இங்கோ மோல்னார் எழுதி 2006ல் கெர்னலில் சேர்க்கப்பட்ட ‘லாக்டெப்’. காலையில் ஒருவர் ‘அ’ பூட்டைப் பிடித்து, பிறகு ‘ஆ’ பூட்டைப் பிடித்தார். மாலையில் வேறொருவர் ‘ஆ’வைப் பிடித்து, பிறகு ‘அ’வைப் பிடித்தார். இருவரும் சந்திக்கவே இல்லை, எதுவும் உறையவில்லை. லாக்டெப் இரண்டையும் நினைவில் வைத்திருந்து, ‘நீங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வந்திருந்தால் ஆளுக்கொரு பூட்டோடு நிரந்தரமாக நின்றிருப்பீர்கள்’ என்று அறிக்கை கொடுத்துவிடும். சாஃப்ட்ஐஆர்க்யூவோடு பகிரும் பூட்டை யாராவது இரண்டெழுத்தை மறந்து சாதாரணமாகப் பிடித்திருந்தால் அதையும் கண்டுபிடித்துவிடும். நடந்த விபத்தை அது தேடுவதில்லை, நடக்கக்கூடியதைத் தேடுகிறது.

இத்தகைய கண்காணிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, கெர்னல் வலையமைப்பை விட்டுச் சற்றே வெளியே போய் ஓர் உதாரணம் காட்டுகிறேன். 1997 ஜூலை 4ஆம் தேதி நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. சில நாள்களில் அதன் கணினி தானாகவே மீண்டும் மீண்டும் தொடக்க நிலைக்குப் போனது. வானிலைத் தரவு சேர்க்கும் முக்கியத்துவம் குறைந்த பணி ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. மிக முக்கியமான தரவுப்பாதைப் பணி அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தது. இடைப்பட்ட முக்கியத்துவம் உள்ள வேறு பணிகள் குறுக்கே புகுந்து, பூட்டு வைத்திருந்தவரை ஓடவிடாமல் செய்துவிட்டன. முக்கியப் பணி உரிய நேரத்தில் முடியாததைக் கண்ட காவல் கடிகாரம் கணினியையே மறுபடி தொடக்கியது. இந்தக் கோளாறு ஏவுவதற்கு முன்பு பூமியில் நடந்த சோதனைகளிலும் எட்டிப் பார்த்திருக்கிறது. மறுபடி வரவைக்க முடியாததால் காரணம் பிடிபடாமல் போனது. பிறகு பூமியில் இருந்த மாதிரிக் கணினியில் அதை மீண்டும் நிகழ்த்தி, காரணம் கண்டு, பூட்டின் ஓர் அமைப்பை மாற்றும் திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க உதவியது, பறக்கும் மென்பொருளில் நீக்காமல் விட்டுவைத்திருந்த கண்காணிப்பு வசதி.

பள்ளிக்குத் திரும்புவோம். ‘முதலில் ஒரு சுழற்சியை ஒழுங்காக எழுதட்டும், பூட்டெல்லாம் பல்கலைக்கழகத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்களில் பலர் இந்த உலகத்துக்குள் ஏற்கெனவே போய்விட்டீர்கள். ஸ்கிராட்ச் நினைவிருக்கிறதா? பச்சைக் கொடியைச் சொடுக்கினால் பூனையும் பந்தும் பின்னணி இசையும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும். பத்து வயதில் பல வேலைகளை ஒன்றாக ஓட்டிப் பழகிவிட்டு, பைத்தான் வந்ததும் மேலிருந்து கீழே ஒரே வரிசையில் ஓடும் நிரலுக்குச் சுருங்கிவிடுகிறோம். இது எனக்கு முன்னேற்றமாகத் தெரியவில்லை.

ரோபோட்டிக்ஸ் இணைப்பாட நடவடிக்கையில் இருப்பவர்கள் ஆர்டுவீனோவில் இந்த விதியை நேருக்கு நேர் சந்திப்பார்கள். ஆர்டுவீனோ ஊனோ போன்ற பலகையில் ஒரு பொத்தானுக்குக் குறுக்கீட்டுச் செயற்கூறு எழுதி, அதற்குள் ‘டிலே’ போட்டுப் பாருங்கள். வேலை செய்யாது. டிலேக்கு நேரம் காட்டும் கடிகாரமே குறுக்கீட்டால்தான் ஓடுகிறது, நீங்கள் உள்ளே இருக்கும்போது மற்றக் குறுக்கீடுகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. வழி என்ன? குறுக்கீட்டில் ஒரு கொடியை மட்டும் ஏற்றிவிட்டு வந்துவிட வேண்டும், மிச்ச வேலையை முதன்மைச் சுழற்சி பார்த்துக்கொள்ளும். லினக்ஸ் அட்டையிடம் ‘இனித் தட்டாதே’ என்று சொல்லிவிட்டு வேலையைத் தள்ளிவைப்பதும் இதே யுக்திதான்.

ஆகவே என் யோசனை எளியது. புதுப் பாடத்திட்டம் எதுவும் வேண்டாம். லினக்ஸின் ஆவணங்களில், வலையமைப்பு டிரைவர் எழுதுபவருக்காக ஒரு பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு செயற்கூறுக்கும் நேரே, அழைக்கும்போது எந்தப் பூட்டு பிடிக்கப்பட்டிருக்கும், எந்த நிலையில் அழைக்கப்படும் என்று ஓரிரு வரி. அட்டையைத் தொடக்கும் செயற்கூறுக்கு மியூட்டெக்ஸ், தூங்கலாம். பொட்டலம் அனுப்பும் செயற்கூறுக்குச் சுழல்பூட்டு, தூங்கக்கூடாது. அலங்காரமே இல்லாத பக்கம், ஆனால் என்னைக் கேட்டால் பல பாடநூல்களைவிட உயர்ந்தது. அதுபோல உங்கள் அடுத்த செய்முறைத் திட்டத்தில் ஒவ்வொரு செயற்கூறின் தலையிலும் இரண்டு வரி எழுதுங்கள்: இதை யார் அழைக்கலாம்? இது காத்திருக்க வைக்குமா? ஆசிரியர்கள் ஓட்டிக் காட்டுவதற்குப் பத்து மதிப்பெண் கொடுத்தால், அதில் மூன்றையாவது இந்த இரண்டு வரிகளுக்கு ஒதுக்கலாம்.

இப்படி எழுதிவைத்த விதிகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. பிறகு அவற்றை மாற்ற முடியும். 2024ல் வெளிவந்த லினக்ஸ் 6.12 பதிப்பில், உரிய நேரத்தில் பதில் தந்தே ஆக வேண்டிய தொழிற்சாலை இயந்திரங்களுக்கும் ரோபோக்களுக்கும் ஏற்ற கெர்னல் வகை முதன்மை லினக்ஸுக்குள் முழுமையாக வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 20 ஆண்டு உழைப்பு. அந்த வகையில் பெரும்பாலான சுழல்பூட்டுகள் சுழல்வதே இல்லை. காத்திருப்பவர் தூங்குவார். பூட்டு வைத்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முக்கியத்துவம் தற்காலிகமாக ஏற்றித் தரப்படும், பாத்ஃபைண்டரில் செய்த திருத்தமும் இதேதான். பல்லாயிரம் இடங்களில் உள்ள பூட்டுகளின் தன்மையை அடியோடு மாற்றியும் கெர்னல் கவிழவில்லை. எது தூங்கலாம், எது தூங்கக்கூடாது என்பது எழுத்திலும் சோதனைக் கருவிகளிலும் இருந்ததால்தான் இது சாத்தியமானது என்பது என் எண்ணம். எழுதுபவருக்கு விதி தளரவும் இல்லை, ஏனென்றால் அதே நிரல் இரண்டு வகைக் கெர்னலிலும் ஓட வேண்டும்.

வீட்டிலோ மன்றத்திலோ லினக்ஸ் கணினி அல்லது ராஸ்பெரி பை இருந்தால், ‘ப்ராக்’ என்ற அடைவுக்குள் ‘சாஃப்ட்ஐஆர்க்யூஸ்’ என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். கோருக்கு ஒன்றாக நெடுவரிசைகள் தெரியும். அதில் ‘நெட் ஆர்எக்ஸ்’ என்ற வரிதான் பொட்டலம் வாங்கும் வேலையின் எண்ணிக்கை. எண்களைக் குறித்துக்கொண்டு, ஒரு காணொளியை ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு, மறுபடி திறந்து பாருங்கள். பல கருவிகளில் ஒரு கோரின் எண் மட்டும் மற்றவற்றைவிட வேகமாக ஏறியிருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் அந்தக் கோரில் ஓடிக்கொண்டிருந்த மற்றச் செயலிகள் எத்தனை முறை நிறுத்தப்பட்டிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.